மாநகராட்சியும் ஊராட்சியும் ஒரே மேசைக்கு வரட்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற நகரமைப்பு அலுவலரான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடப்படுகிறது.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "மழைநீர் வடிகால்". வாய்க்காலை மட்டும் பேசுவதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் நம் கடைசித் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வாய்க்கால் எந்த இடத்தில் முடிகிறதோ, அதே இடத்தில்தான் மாநகராட்சி எல்லையும் முடிகிறது. அதற்கு அப்பால் ஊராட்சி. இந்தப் பக்கம் நாம் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், அந்தப் பக்கம் வழி இல்லாவிட்டால் தண்ணீர் நம் வாசலுக்கே திரும்பி வரும். ஆகவே வாய்க்காலைப் பற்றிப் பேச வேண்டுமானால், பக்கத்து ஊரோடு சேர்ந்து திட்டம் போடுவதைப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்காகத்தான் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

2023 சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைக் காட்டிலும் அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அத்திமரப்பட்டி முதல் நகரத்துக்குள் வரை தண்ணீர்.

அவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரும் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தத் தண்ணீர் வந்த வழியை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். மேற்கே ஓட்டப்பிடாரம் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து காட்டாற்று வெள்ளமாகக் கிளம்புகிறது. வழியில் உள்ள சிறு குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோரம்பள்ளம் குளம் நீர்வளத் துறையின் பொறுப்பு. குளத்தின் உபரி நீர் உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். அந்த ஓடையின் குறுக்கே இருக்கும் நான்குவழிச் சாலைப் பாலத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை, தண்டவாளப் பாலத்துக்கு ரயில்வே. நகரத்துக்குள் பக்கிள் ஓடைக்கு மாநகராட்சி. கடைசியில் உப்பளங்களைத் தாண்டித்தான் கடல்.

ஒரே தண்ணீர், ஆறு பொறுப்பாளர்கள். ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழு வழியையும் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும் அல்லவா? மேலே ஒரு குளத்தின் கரையை உயர்த்தினால் கீழே யாருக்கு என்ன ஆகும், கீழே ஒரு பாலத்தின் கண் சிறியதாக இருந்தால் மேலே எத்தனை ஊரில் தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போட ஓர் இடம் வேண்டும். நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அப்படி ஓர் இடத்தைச் சட்டம் முப்பது வருடங்களுக்கு முன்பே நமக்குக் கொடுத்துவிட்டது. நாம்தான் அதைக் கேட்டு வாங்காமல் இருக்கிறோம்.

நாலு ஊரில் நடக்கும் ஒரு வாழ்க்கை

தண்ணீரை விட்டுவிட்டு நம் அன்றாட வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்த இடம் மாநகராட்சிக்கு வெளியே. அங்கே வேலைக்குப் போகிற பையன் நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறான். அவன் குடிக்கிற தண்ணீர் வல்லநாட்டிலிருந்து வருகிறது. அவன் வீட்டுக் குப்பை தருவைகுளத்தில் உள்ள உரக்கிடங்குக்குப் போகிறது. வேலை ஓர் ஊரில், வீடு இன்னோர் ஊரில், தண்ணீர் மூன்றாவது ஊரில், குப்பை நான்காவது ஊரில். வாழ்க்கை நாலு ஊரிலும் பரவிக் கிடக்கிறது. நிர்வாகம் மட்டும் தனித்தனியாக நிற்கிறது.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. தொழிற்சாலைக் கட்டடம் எந்த ஊராட்சியின் எல்லைக்குள் விழுகிறதோ, அந்த ஊராட்சிக்குச் சொத்து வரி. பக்கத்து ஊராட்சிக்கு லாரியும் புழுதியும்தான். தருவைகுளம் மீனவர் கிராமம். நகரத்துக் குப்பை அவர்கள் ஊருக்குப் போகிறது. பதிலுக்கு நகரத்திடமிருந்து அந்த ஊருக்கு என்ன போகிறது என்று நாம் எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா? ஒத்துழைப்பு என்றால் நமக்கு வேண்டியதைப் பக்கத்து ஊரிடம் கேட்பது மட்டும் அல்ல. கொடுப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

தண்ணீரில் இதே கதையை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தொழிற்சாலைகளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு கோடி காலன் தண்ணீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டம் உங்களுக்குத் தெரியும். தங்கள் பாசனத்துக்கு உரிய தண்ணீர் போகிறது என்று தாமிரபரணி விவசாயிகள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. விவசாயியும் தொழிற்சாலையும் நகரவாசியும் திட்டம் போடுகிற நாளிலேயே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், இவ்வளவு கசப்பு வந்திருக்காது என்பது என் கருத்து.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் நகருக்குள் கிணறு தோண்டிக்கொண்டே இருந்தால் போதாது என்று முடிவெடுத்தார். இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், ஆற்றங்கரையில் இருக்கும் வல்லநாட்டிலிருந்து 1927-இல் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நகராட்சி எல்லைக்குள் மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தண்ணீர் நமக்குக் கிடைத்திருக்காது. இன்றைக்கும் வல்லநாட்டுக் குழாயை நம்பித்தான் நம் வீட்டுத் தொட்டி நிரம்புகிறது.

சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

"எல்லா ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் போதுமே" என்று நம்மில் சிலர் சொல்வது உண்டு. அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 2008 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் நகராட்சி மாநகராட்சி ஆனது. பிறகு 2011-இல் முத்தையாபுரம், அத்திமரப்பட்டி, மீளவிட்டான், சங்கரப்பேரி என்று சுற்றுப்புறங்கள் சேர்ந்தன. பரப்பு 13.47 சதுர கிலோமீட்டரிலிருந்து 90.66 ஆக, ஏறத்தாழ ஏழு மடங்காகியது. வார்டுகள் 60.

அதனால் சில நன்மைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் எல்லை அழிந்ததா? அழியவில்லை, நகர்ந்துதான் போனது. அன்றைக்கு எட்டயபுரம் ரோட்டில் ஓரிடத்தில் இருந்த சிக்கல் இன்றைக்கு இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. நாளைக்கு இன்னும் பத்து ஊராட்சியைச் சேர்த்தாலும், பதினோராவது ஊராட்சி எல்லையில் இதே வாய்க்கால் நிற்கும்.

ஊராட்சி மக்களின் பக்கத்தையும் நாம் யோசிக்க வேண்டும். மாநகராட்சியோடு சேர்ந்தால் வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும், கிராம சபை போய்விடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஊரக வேலைத் திட்டம் கிராமங்களுக்கு மட்டும்தான். கிராம சபையில் ஒரு சாதாரண மனுஷி எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். அந்த உரிமையைப் பறித்துக்கொண்டுதான் நம் வடிகாலைச் சரி செய்ய வேண்டும் என்று இல்லை. வீடுகள் தனித்தனியாக இருந்தும் வாய்க்கால் பொதுவாக இருக்க முடியும்.

சட்டம் போட்டு வைத்திருக்கும் மேசை

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 243 இசட்.டி. என்று ஒரு பிரிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட திட்டமிடும் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்று சேர்த்து, மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்றும் சட்டமே பட்டியல் போடுகிறது: ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்கள், நிலப் பயன்பாடு, தண்ணீரையும் மற்ற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது, உள்கட்டமைப்பை ஒருங்கிணைத்து வளர்ப்பது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. நம் பிரச்சினைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது.

குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர மன்ற உறுப்பினர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள். கிராமத்துக்கு எத்தனை இடம், நகரத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகை விகிதப்படி. தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர் இதன் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 17.5 லட்சம். அதில் நகரம் ஏறக்குறைய சரிபாதி, கிராமம் சரிபாதி. அதாவது எண்ணிக்கையை வைத்து ஒரு தரப்பு மறு தரப்பை அமுக்க முடியாது. பேசித்தான் ஆக வேண்டும்.

மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, மூன்று நகராட்சிகள், பல பேரூராட்சிகள், 12 ஊராட்சி ஒன்றியங்கள், 403 கிராம ஊராட்சிகள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரங்களுக்குத் தனியாக ஒரு பெருநகரத் திட்டமிடும் குழு உண்டு. அந்த அளவுக்கு நம் ஊர் இன்னும் வரவில்லை. ஆகவே தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத்துப் பிரதிநிதியும் நகரத்துப் பிரதிநிதியும் திட்டத்துக்காக ஒன்றாக உட்காரச் சட்டம் போட்டிருக்கும் மேசை நமக்கு இது ஒன்றுதான்.

நகர் ஊரமைப்புத் துறையின் முழுமைத் திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் திட்டக் குழுமம் அதைத் தயாரிக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் அந்த வரைபடங்களோடுதான் கழிந்தது. எந்த நிலம் குடியிருப்பு, எந்த நிலம் தொழிற்சாலை என்று அது வண்ணம் தீட்டிச் சொல்லும். பணம் எங்கிருந்து வரும், யார் முதலில் செய்வது, யார் விட்டுக்கொடுப்பது என்பதை வரைபடம் சொல்லாது. அதை மக்கள் பிரதிநிதிகள்தான் பேசி முடிக்க வேண்டும்.

இந்த மேசையில் ஒரு பக்கம் காலியானால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதிகாரிகள் அன்றாட நிர்வாகத்தை நடத்திவிடுவார்கள். ஆனால் "எங்கள் ஊர் வழியாக இவ்வளவு தண்ணீர் விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்" என்று ஊருக்காகப் பேசுகிற ஆள் தேர்தலில் நின்று வந்தவராக இருக்க வேண்டும். பக்கத்து ஊராட்சியில் தேர்தல் நடப்பது நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பேச ஆள் இல்லையென்றால் நம் வாய்க்காலுக்கும் வழி இல்லை.

மற்ற இடங்களில்

கேரளாவில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். உள்ளாட்சிகள் போடும் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவது மாவட்டத் திட்டக் குழு. பணம் அந்த வழியாகப் போனதால் குழுவுக்கும் உயிர் வந்தது. பணம் இல்லாத குழு பெயர்ப்பலகையோடு நின்றுவிடும்.

பிரான்சில் டன்கிர்க் என்று ஒரு துறைமுக நகரம். உருக்காலையும் துறைமுகமும் வளர வளர, பக்கத்துச் சிறு நகராட்சிகளுக்கும் நம்மைப் போலவே சிக்கல். 1968-இல் அவை தாமாகவே முன்வந்து ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. எந்த நகராட்சியும் கலைக்கப்படவில்லை. தலைவர்களும் மன்றங்களும் அப்படியே இருக்க, குப்பை, சாலை, நகரமைப்பு போன்ற பொது வேலைகள் மட்டும் கூட்டு அமைப்பிடம். தொழிற்சாலை வரியை ஒரே இடத்தில் சேர்த்துப் பகிர்ந்துகொள்ள அந்த நாட்டில் 1999-இல் சட்டமே ஊக்கம் கொடுத்தது.

நம் மாநிலத்தில் கூட்டு என்றால் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நினைவுக்கு வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டம் போலப் பெரிய வேலைகளையும் செய்து காட்டியிருக்கிறோம். ஆனால் அங்கே கூட்டு என்பது குழாயில்தான். திட்டம் போடுவது குடிநீர் வடிகால் வாரியம், தண்ணீர் வாங்கிக்கொள்வது உள்ளாட்சி. முடிவெடுப்பதிலும் அந்தக் கூட்டு வர வேண்டும்.

துறைமுகமும் கடலும்

நம் ஊருக்கே உரிய இன்னொரு சங்கதி. நம் துறைமுகம் 1974 ஜூலை 11 முதல் பெருந்துறைமுகம். இன்றைக்கு வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையச் சட்டப்படி, தன் எல்லைக்குள் தனக்கென்று தனி முழுமைத் திட்டம் போட்டுக்கொள்ளத் துறைமுகத்துக்கு அதிகாரம் உண்டு. உள்ளாட்சி விதிகள் அந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்தாது. நிர்வாக வாரியத்தில் மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு, சுங்கம், தொழிலாளர் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. மாநகராட்சிக்கென்று ஓர் இடம் சட்டத்தில் இல்லை.

துறைமுகம் நமக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. வெளித்துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. கண்டெய்னர் கூடினால் லாரி கூடும், லாரி நிறுத்தக் கூடுதல் இடம் வேண்டும். அந்த இடம் ஏதோ ஓர் ஊராட்சியின் புறம்போக்கிலோ நம் பைபாஸ் ஓரத்திலோதான் வரும். ஆகவே துறைமுகத் திட்டமும் மாவட்டத் திட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலுக்கும் இதே நியாயம்தான். முத்துக்குளித்துறை என்று பேர் எடுத்த ஊர் நம்முடையது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். பார்களில் முத்துச்சிப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீனும் சங்கும் பவளப்பாறையும் இன்னும் இருக்கின்றன. நம் கரைக்கு எதிரே இருக்கும் வான் தீவு அலையில் கரைந்து சுருங்கியது, செயற்கைப் பாறைகள் போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். கரையில் எத்தனை உள்ளாட்சி இருந்தாலும் எல்லார் வீட்டுக் கழிவுநீரும் போய்ச் சேர்கிற கடல் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்கள்

பெரிய பேச்சு பேசிவிட்டு உட்கார எனக்கு விருப்பம் இல்லை. மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன்.

முதலாவது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரே வரைபடம் கேட்போம். ஓட்டப்பிடாரத்து மேட்டிலிருந்து கடல் வரைக்கும் ஒவ்வொரு குளம், மடை, ஓடை, பாலம் எங்கே இருக்கிறது, எதற்கு யார் பொறுப்பு, எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று அதில் இருக்க வேண்டும். ஆட்சியரிடம் மனு கொடுப்போம். மாவட்ட திட்டமிடும் குழுவின் முன் அதை வைக்கச் சொல்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, பக்கத்து ஊராட்சியின் கிராம சபைக்கு நம் சங்கத்திலிருந்து ஐந்து பேர் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் நடக்கிறது. நாம் அந்த ஊர் வாக்காளர் இல்லை, அங்கே கை தூக்க உரிமை கிடையாது. அதனால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்போம். அவர்கள் குறை என்ன, நம் தண்ணீர் அவர்கள் வயலுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு வருவோம். அதேபோல் நம் பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்த ஊர்ப் பெரியவர்களை அழைப்போம். மேலே மேசை கூடுகிறதோ இல்லையோ, கீழே நாம் கூடிவிடலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவை இல்லை.

மூன்றாவது, குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்போம். இது எங்கே வந்து சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். தருவைகுளத்துக்குப் போகிற பாரத்தைக் குறைப்பதுதான் பக்கத்து ஊருக்கு நாம் காட்டுகிற முதல் மரியாதை. மக்கும் குப்பையை நம் குடியிருப்புப் பூங்காவிலேயே உரமாக்க முடியும். கொடுக்கிற கை முதலில் நீண்டால் கேட்கிற வாய்க்கும் மதிப்பு இருக்கும்.

இந்த மூன்றையும் செயற்குழு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை இன்றைக்கே நியமிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடத்துக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து போடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சங்க அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். கடைசித் தெருக்காரர்கள் மட்டும் வந்தால் போதாது, முதல் தெருக்காரர்களும் வர வேண்டும்.